அடுத்த தட்டுக்கு இடம்

1982-ல் பம்பாயில் ஒலிப்பதிவான ஓர் இசைத்தட்டைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன: சிக்காகோக்காரர்களுக்கு ஐந்து வருடம் முன்பே ஒரு இந்தியர் ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த இந்தியர் சரண்ஜித் சிங். தட்டின் பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. இந்த வகை வாக்கியம் நமக்கு ரொம்பப் பிடிக்கும். புஷ்பக விமானத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் நாம்தான் முதலில் செய்தோம் என்று சொல்லிப் பழகிய வாய். இந்த முறை அதை வெள்ளைக்காரர்களே சொல்லிவிட்டதால் கூடுதல் தித்திப்பு.

எனக்கு அந்த ‘முதல்’ மேல் ஆர்வமில்லை. தட்டின் மேல் நிறைய ஆர்வம் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியவர், ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து ஏறும் ஒரு சந்தில் மிளகும் காப்பித்தூளும் விற்கும் ஒரு அண்ணன். தொண்ணூறுகளில் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் டிஸ்கோவில் டிஜேவாக இருந்தவர். அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் தட்டு.

சரண்ஜித் சிங் இந்தி சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர். படத்தில் பெயர் வராத, ஆனால் பாட்டைத் தாங்கிநின்ற நூற்றுக்கணக்கான கைகளில் ஒரு ஜோடி. 1980-ல் ‘குர்பானி’ வந்து, பெங்களூர்க்காரரான பிட்டு இசையமைத்து நாஸியா ஹசன் பாடிய பாட்டு நாட்டையே ஆட்டிவைத்தது. 1982-ல் ‘டிஸ்கோ டான்ஸர்’. எங்கு பார்த்தாலும் டிஸ்கோ. சிங்கிடம் அப்போது மூன்று ஜப்பானியக் கருவிகள் இருந்தன: ஜூபிட்டர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பேஸ் இயந்திரம். மூன்றும் ரோலண்ட் நிறுவனத்துடையவை. தபேலாவை நிறுத்திவிட்டு, டிஸ்கோ அடியை மட்டும் வைத்துக்கொண்டு ராகங்களை வாசித்தால் என்ன என்று தோன்றியது, செய்தேன் என்றுதான் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். அவ்வளவு சாதாரணமாக. கிராமபோன் கம்பெனி வெளியிட்டது. விற்கவில்லை. அவர் பழையபடி கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கப் போனார். 2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் இந்தத் தட்டை ஒரு கடையில் கண்டெடுத்தார். 2010-ல் மறுபதிப்பு வந்தது. இது உண்மையான பழைய தட்டாக இருக்கவே முடியாது, யாரோ இப்போது செய்து பழசு என்று விற்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எழுபது வயதைத் தாண்டிய சிங் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்துக் காட்டினார். 2015 ஜூலையில் மறைந்தார்.

ஏன் இது ஆசிட் ஹவுஸ் போலக் கேட்கிறது? தீர்க்கதரிசனம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எஞ்சினியருக்கு அந்தப் பதில் போதாது. ஒரே உள்ளீடு, ஒரே விதிகள் என்றால் ஒரே மாதிரி வெளியீடு வரும். அதில் மாயம் ஒன்றுமில்லை.

டிஸ்கோவுக்குக் கார்டு மாற வேண்டும். பேஸ் கிதார் அந்த மாற்றத்தைத் துரத்திக்கொண்டு ஓடும். மேலே வயலின்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டும். ராகத்தில் கார்டு கிடையாது. சட்ஜம் இருக்கிறது, அது நகராது. தம்பூரா ஒரு மணி நேரமும் ஒரே இடத்தில் நிற்கும். ஆக, டிஸ்கோவிலிருந்து கார்டு மாற்றத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? நாலு அடி, அதன் மேல் நகராத ஒரு ஆதாரச் சுருதி, அதைச் சுற்றிச் சுழலும் ஒரு கீழ்க்குரல். சிக்காகோப் பையன்களும் இதே மிச்சத்துக்குத்தான் வந்துசேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் வந்த வழி வேறு. அவர்களிடம் வயலின் குழு வைக்கக் காசு இல்லை. ஊரும் டிஸ்கோ மேல் கோபமாக இருந்தது. 1979 ஜூலை 12 அன்று சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்து நொறுக்கினார்கள். வெடித்தது வெறும் வினைல் மட்டுமல்ல. அந்த இசையை ஆடியவர்கள் கறுப்பர்கள், லத்தீனோக்கள், தன்பாலின விருப்பத்தினர். அவர்கள் வேர்ஹவுஸ் போன்ற கிளப்புகளுக்குள் போய்த் தொடர்ந்து ஆடினார்கள். அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டு போட்டார். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து ஒடிந்து வந்தது என்பார்கள்.

303-ஐப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனியாக வாசிக்கும் கிதார்காரருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லையென்றால் இதை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் ரோலண்ட் விற்றது. உண்மையான பேஸ் கிதார் போல அது ஒலிக்கவே இல்லை. 1984-க்குள் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் ஒரு சுற்றுக்குப் பதினாறு படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு ஸ்வரம் வைக்கலாம், அழுத்தம் கொடுக்கலாம், ‘ஸ்லைடு’ போடலாம். ஸ்லைடு என்றால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு எட்டு வைக்காமல் வழுக்கிப்போவது. நம்ம ஆள் காதுக்கு அது என்ன? ஜாரு. இந்துஸ்தானியில் மீண்டு. ஜப்பானிய எஞ்சினியர்கள் பேஸ் கிதாரின் விரல் வழுக்கலைப் பொய்யாகச் செய்யப் போட்ட ஒரு பொத்தான், சிங்கின் கையில் வந்ததும் ராகம் நடக்கும் நடையாகிவிட்டது. பியானோவில் வராதது இந்த மலிவு டப்பாவில் வருகிறது.

ஆலாபனை இல்லாமல் ராகமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சிதார்க் கச்சேரியின் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். ஜாலா. சிக்காரித் தந்திகள் சட்ஜத்தை அடித்துக்கொண்டே இருக்க, நடுவில் ஸ்வரங்கள் ஓடும். பதினாறாக வெட்டிய அடியில் 303 செய்வதும் அதுதான். சிங் ஆலாபனையைத் தொலைக்கவில்லை, ஜாலாவிலிருந்து ஆரம்பிக்கிறார்.

பத்து ராகமும் எழுந்து நிற்கிறதா என்றால், இல்லை. என் கணக்கில் நாலுதான் முழுசாக நிற்கின்றன. யமன் ஏமாற்றம். நமக்குக் கல்யாணியில் கேட்ட சினிமாப் பாட்டுகள் அதிகம், அந்த நினைவுகளின் கூட்டத்தில் இந்த மெலிந்த சிந்தசைசர் தொலைந்துபோகிறது. பூபாளி, அதாவது நம் மோகனம், விளம்பரப் பாட்டு போல இருக்கிறது. தோடி என்று தட்டில் போட்டிருப்பது நம் தோடி அல்ல, சுபபந்துவராளி. அதன் துக்கத்துக்கு இயந்திரத்தின் அவசரம் ஒத்துவரவில்லை. கலாவதி வேறு கதை. நம் வலஜி. ரிஷபமும் மத்யமமும் இல்லாத ராகம். ச க ப நி என்று வைத்தால் மேற்கத்தியக் காதுக்கு அது ஏழாவது ஸ்வரம் சேர்ந்த ஒரு கார்டு. டிஸ்கோ பேஸ் வழக்கமாக ஏறி இறங்கும் அதே படிக்கட்டு. ராகமும் டிஸ்கோவும் இங்கே ஒன்றையொன்று திருத்த வேண்டியதில்லை. மால்கௌன்ஸில், அதாவது இந்தோளத்தில், பஞ்சமமே கிடையாது. கீழ்க்குரல் எப்போதும் போய்ச் சாயும் சுவரை எடுத்துவிட்டது மாதிரி. அதனால் அந்த ஐந்து நிமிடமும் நாம் விழுந்துகொண்டே இருக்கிறோம். பைரவியும் கடைசியில் வரும் பைராகியும் மற்ற இரண்டு. பைராகி நம் ரேவதி. அதன் மேல் டிஸ்கோ அடி விழுவது கோயில் பிரகாரத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது போலத்தான். ஆனாலும் கேட்கிறேன், திரும்பத் திரும்ப.

சரி, அண்ணன்.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் வருடத்தில் சில மாதங்கள் ஏற்காட்டில் இருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வாரக் கடைசியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வரும் கூட்டத்தைப் பார்த்துப் புலம்பாத உள்ளூர்க்காரர் இல்லை. ரிசார்ட்டுகளில் நெருப்பு மூட்டி, ‘டிஜே நைட்’ என்று பலகை வைத்து, ஒரு பையன் லேப்டாப்பில் குத்துப்பாட்டு ரீமிக்ஸ்களை வரிசையாகப் போடுவான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்துவிட்டது. மலையில் அது சத்தம் குறைவதாகத்தான் தெரியும், நிற்பதாகத் தெரியாது. அப்படி ஒரு சனிக்கிழமை, மிளகு நிறுத்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: “பாட்ட மாத்துறப்ப நிறுத்திட்டு மாத்துறான் பாருங்க. அப்பறம் எதுக்கு டிஜேங்கறான்?”

அங்கிருந்து ஆரம்பித்த பேச்சு. எஸ்டேட் வேலைக்காரர் மகன். ஓட்டலில் தட்டு எடுக்கப் போய், இன்னொரு வகைத் தட்டு போடும் வேலைக்கு வந்தவர். முதல் மூன்று வருடம் கேசட். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது, ஒரு பாட்டின் முடிவையும் இன்னொன்றின் தொடக்கத்தையும் மனக்கணக்கில் வைத்துச் சேர்க்க வேண்டும். பிறகு சிடி வந்தது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்தவைதான் சரக்கு. பாட்டுகளின் பெயர் அவருக்குப் பாதி நினைவில்லை. ‘பியானோப் பாட்டு’ என்பார். அது மார்ஷல் ஜெஃபர்சனின் ‘மூவ் யுவர் பாடி’, 1986. ‘ஆர்கன் பாட்டு’ என்றால் கிரிஸ்டல் வாட்டர்ஸின் ‘ஜிப்ஸி வுமன்’, 1991. ‘ரப்பர் பேஸ்’ என்றால் ராபின் எஸ் பாடிய ‘ஷோ மீ லவ்’. என் போனிலிருந்து போட்டுக்காட்டி, இதுவா அதுவா என்று அடையாளம் கண்டோம். பெயரை விட்டுவிட்டுப் பார்த்தால் அவர் நினைவு அசாத்தியம். எந்தப் பாட்டில் எத்தனையாவது சுற்றில் கைதட்டல் சேரும், எங்கே பேஸ் விலகும், எந்த இடத்தில் ஆடுகிறவர்கள் மூச்சு வாங்குவார்கள், எல்லாம் விரலில் வைத்திருக்கிறார்.

இசை விமர்சனம் என்று நாம் எழுதுவதில் இந்தத் தகவல் எதுவும் இருக்காது. பாட்டை அதன் முகத்தை வைத்துப் பார்க்கிறோம், அவர் அதன் மூட்டுகளை வைத்துப் பார்க்கிறார். ‘மூவ் யுவர் பாடி’யைப் பற்றி எல்லோரும் அதன் பியானோவைச் சொல்வார்கள். ஜெஃபர்சன் தபால் துறையில் வேலை பார்த்தவர், பியானோக் கலைஞர் அல்ல. மெதுவாக வாசித்துப் பதிந்து வேகத்தைக் கூட்டினார். அண்ணனிடம் இதைச் சொன்னதும் சிரித்தார். “தெரியுங்க தம்பி. மனுச வெரலு அப்பிடி எடுத்துவைக்காது. அதனாலதான் அந்தப் பாட்டு வந்தா சனம் கொஞ்சம் பொம்மை மாதிரி ஆடும்.” இதைவிடக் கச்சிதமாக அந்தப் பியானோவை யாரும் விவரித்து நான் படித்ததில்லை.

‘ஜிப்ஸி வுமன்’ ஒரு வீடற்ற பெண்ணைப் பற்றிய பாட்டு. அலங்கரித்துக்கொண்டு தெருவில் காசுக்காகப் பாடுகிறவள். உலகம் முழுக்க அதற்குக் குடித்துவிட்டு ஆடினார்கள். இது பாட்டின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. அண்ணனுக்கு அன்று ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அதை எப்போதும் முதல் மணி நேரத்திலேயே போட்டுவிடுவாராம். உச்சத்தில் போட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். “அந்தப் பொம்பள கொரல்ல என்னமோ சரியில்லைங்க. கூட்டம் நிறைஞ்சப்பறம் அதப் போட மனசு வராது.” வார்த்தை புரிந்தவர்கள் கோட்டைவிட்டதை வார்த்தை புரியாத ஒருவர் பிடித்திருக்கிறார்.

இன்னொரு விஷயம். 1989-ல் வந்த ‘ரைட் ஆன் டைம்’ பாட்டில் ஒலிக்கும் குரல் லொலியட்டா ஹாலவேயின் பழைய டிஸ்கோ பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. வீடியோவில் வாயசைத்தது ஒரு மாடல். அதே வருடம் ‘பம்ப் அப் தி ஜாம்’ அட்டையில் இருந்தவரும் பாடியவரும் வேறு வேறு. மேற்கில் இது பெரிய மோசடிக் கதை. பின்னணிப் பாடகர்களோடு வளர்ந்த நமக்கு, சுசீலாம்மா குரலில் யார் வாயசைத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. சுசீலாவின் பெயர் தட்டில் இருந்தது, சம்பளமும் வந்தது. ஹாலவே தன் குரலுக்கு வழக்குப்போட வேண்டியிருந்தது. அண்ணனுக்கு இதில் ஆர்வமில்லை, “பாடுனது யாரா இருந்தா என்னங்க” என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். இந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. பெயர் வராத கைகளில் ஒன்றுதானே சரண்ஜித் சிங்கும்.

சென்னையில் ஹவுஸ் போடுவதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருந்தது, அதை அவர் சொல்லித்தான் நான் யோசித்தேன். நம் குத்து ஆறில் ஓடுகிறது. ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும், திஸ்ர நடை. பறைக்கும் தவிலுக்கும் ஆடிப் பழகிய கால் அந்த மூன்றைத்தான் தேடும். ஹவுஸில் ஒவ்வொரு அடியும் நாலாகப் பிரியும், சதுஸ்ரம். பத்து மணிக்கு மேல் கூட்டம் தமிழ்ப் பாட்டு கேட்கும், கொடுத்தால் திரும்ப ஹவுஸுக்கு இழுத்துவர முடியாது, தளம் காலியாகிவிடும். அவர் கண்டுபிடித்த பாலம் ரகுமானின் ‘திருடா திருடா’ படத்தில், 1993-ல் வந்த ‘கொஞ்சம் நிலவு’. தமிழ்தான், ஆனால் அடி நாலில் பிரிகிறது. கூட்டத்துக்குத் தமிழ் கிடைத்துவிடும், காலுக்குத் தெரியாமல் நடை மாறிவிடும். பெரிய அடி மட்டும் இரண்டுக்கும் பொது. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் பிரிவை மாற்றுவது. மிருதங்கக்காரர் நடை பேதம் செய்வதற்கும் இதற்கும் கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒருவருக்குச் சபாவில் தலையாட்டல் கிடைக்கும். இன்னொருவருக்கு யாரும் கவனிக்காததுதான் வெற்றி.

அவர் காதுகளைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பன்னிரண்டு வருடம், வாரத்துக்கு ஐந்து ராத்திரி. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை பரவாயில்லை என்பது ஒரு பொது அளவுகோல். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம். டிஸ்கோ மேடையில் 100 என்பது சாதாரணம். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் பறிக்கும், பிறகு இரண்டு பக்கமும் அகலும். இன்று அவருக்குக் குக்கர் விசில் கேட்பதில்லை. எப்போதும் ஒரு ரீங்காரம் இருக்கிறது. பெண்கள் பேசினால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. அவருக்குப் பிடித்த பாட்டுகளில் நாலு அடிக்கும் நடுவே இழையும் ஹை-ஹாட் ஒலி அவருக்கு இல்லவே இல்லை. கேட்கும்போது அந்த இடத்தில் விரலால் மேசையைத் தட்டுகிறார், சரியாக. நினைவிலிருந்து இட்டு நிரப்புகிறார். மிஸ்டர் ஃபிங்கர்ஸின் ‘கேன் யூ ஃபீல் இட்’டை மட்டும் இன்றும் முழுசாகக் கேட்கிறேன் என்றார். லாரி ஹர்ட் 1986-ல் ஒரு ஜூனோ-60-ஐயும் ஒரு தாள இயந்திரத்தையும் மட்டும் வைத்துச் செய்தது. அதன் உயிர் கீழ்க்குரலில் இருக்கிறது. அது இன்னும் அவருக்கு எட்டும் இடம்.

அவருக்குத்தான் சரண்ஜித் சிங்கைப் போட்டுக்காட்டினேன். மால்கௌன்ஸ், கலாவதி, பிறகு பைரவி. ஜூபிட்டரின் மேல்ஸ்தாயி அவருக்குச் சரியாக எட்டவில்லை. 303 எட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நன்றாயிருக்கிறது என்றார். பிறகு: “ஆனா இவரு டிஜேக்குப் பண்ணலைங்க. கலக்க எடமே விடலையே.”

இந்த ஒரு வரியில் பதினைந்து வருட ‘முதல்’ சர்ச்சைக்குப் பதில் இருக்கிறது. பன்னிரண்டு அங்குல ஹவுஸ் தட்டு ஒன்றை எடுங்கள். முன்னால் நீளமாக வெறும் தாளம். முடிவிலும் அப்படி. தனியாகக் கேட்டால் அலுப்பு. அது இன்னொரு தட்டு வந்து மேலே உட்காருவதற்கான திண்ணை. ஹவுஸ் தட்டு தன்னளவில் முழுமையான பாட்டு அல்ல, ராத்திரி முழுக்க நீளும் ஒன்றின் துண்டு. சிங்கின் தட்டில் கலப்பவருக்கு வேண்டிய அளவு வெறுந்தாளம் இல்லை. ராகம் சீக்கிரம் வந்துவிடுகிறது, முடிந்ததும் முடிந்துவிடுகிறது. அது வீட்டில் சோபாவில் உட்கார்ந்து கேட்க ஒரு சினிமாக் கலைஞர் செய்த தட்டு. பக்கத்துக்கு ஐந்து ராகம்.

ஒலியிலும் ஒரு வேறுபாடு. ஃபியூச்சர் குழுவின் 1987 ‘ஆசிட் டிராக்ஸ்’ஸில் ஸ்வரம் அப்படியே நிற்க, பத்து நிமிடத்துக்கு மேல் குமிழ்களைத் திருகித் திருகி ஒலியின் நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சிங்கிடம் பெரும்பாலும் நிறம் நிற்கும், ஸ்வரம் நடக்கும். கருவி ஒன்று, கவலைகள் வேறு. ‘ஆசிட் டிராக்ஸ்’ஸை மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி முதலில் போட்டபோது தளம் காலியானது என்றும், அதே ராத்திரி நாலாவது தடவை போட்டபோது கூட்டம் வெறிகொண்டது என்றும் சொல்வார்கள். சிங்குக்கு இல்லாமல் போனது இதுதான். மேதைமையிலோ கருவியிலோ ஒரு குறையும் இல்லை. நாலாவது தடவை போட ஒரு ஆள் இல்லை. கடைக்குப் போய்ச் சேர்ந்த தட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு மக்கள் வைத்துவிட்டார்கள்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு ஏதோ கணக்கில் இருந்தார். எந்தப் பாட்டுக்கு அப்புறம் மால்கௌன்ஸைப் போடலாம் என்று. “பாதிப் பேரு போனப்பறம். அந்த பேஸ் பாட்டு போடுவம் பாருங்க, அதுக்கப்பறம்.” லாரி ஹர்ட்டைச் சொல்கிறார். “ஆனா முன்னாடி தாளம் வேணும்.”

லேப்டாப்பில் மால்கௌன்ஸின் ஒரு சுற்று வெறுந்தாளத்தை வெட்டி முப்பத்திரண்டு தடவை ஒட்டுவது எனக்குப் பத்து நிமிட வேலை. சிங் செய்து முடித்த ஒன்றில் கை வைக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது, ஆனாலும் ஒட்டினேன். அடுத்த நாள் கடை சாத்திய பிறகு, கல்லாவுக்கு மேல் இருந்த பழைய ஸ்பீக்கரில் கேட்டார். இருபத்தெட்டாவது சுற்றில், இல்லாத இன்னொரு தட்டின் வேகக் குமிழைத் திருகுவது போல அவர் வலது கை தானாக நகர்ந்தது. கடைசி நாலு சுற்றைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். பைராகியில் இன்னும் கை வைக்கவில்லை.